அவள் யாரைப் பார்த்து விழுந்தாள்?

போன மாதம் பதுளையில் ஒரு கலியாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை செய்த இளம் சுகாதாரப் பரிசோதகர்கள் இரண்டு பேர் வந்து பக்கத்தில் அமர்ந்தார்கள். ஒருவர் போனை என் முன்னால் நீட்டினார். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடம். மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுகிறார்கள், ஆசிரியர்கள் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வீடியோவுக்குக் கீழே ஊர்ப்பட்டவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். தண்ணீரில் விஷம் கலந்துவிட்டது என்றார் ஒருவர். தடுப்பூசியின் வேலை என்றார் இன்னொருவர். எல்லாம் நடிப்பு, இரண்டு அடி போட்டால் எழும்பி ஓடுவார்கள் என்றார் மற்றொருவர்.

"நீங்க என்ன சொல்றீங்க சேர்?"

"மூணு பேரும் சொல்றது பிழைன்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்காம சொல்ல மாட்டேன்" என்றேன்.

இருவரும் விடவில்லை. பாயசம் முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் தோட்டப் பக்கத்தில் இதுபோல ஒன்று நடந்தபோது நான் அங்கே இருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியும். "வாயால சொன்னா காத்தோட போயிடும் சேர், எழுதுங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். இதில் நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. விஷம் விஷம் என்று கத்துகிறவர்களுக்கும் பிடிக்காது, எல்லாம் மனப்பிரமை என்று சிரிக்கிறவர்களுக்கும் பிடிக்காது.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஒரு காம்பராவில். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா பேக்டரியில் வேலை. பண்டாரவளையில் படித்து, இரண்டாம் தடவை எழுதிய பரீட்சையில் பாஸாகி, பயிற்சிக்குப் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வெளியே வந்தேன். எங்கள் பக்கத்தில் பீ.எச்.ஐ என்றால்தான் யாருக்கும் விளங்கும். பேக்கரி பார்ப்பது, மலசலகூடக் குழி பார்ப்பது, டெங்கு பரப்பும் நுளம்பைத் தேடுவது, விசர்நாய் கடித்தவரைத் தேடிப் பிடித்து ஊசிக்கு அனுப்புவது. பயிற்சிக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியதுதான் கடைசிவரை கைகொடுத்தது.

டொக்டர் புவனேஸ்வரி எங்கள் பிரிவுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக வந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, எந்த நேரமும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. எங்கள் குளிர் அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதேயில்லை. வந்த முதல் கிழமை ஒரு தோட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

"மேடம், அந்த டிவிஷன்ல பீலித் தண்ணி கெட்டுப்போச்சு. நெறையப் பேருக்கு வயித்தோட்டம்."

"பாத்தனீரோ, கேட்டனீரோ?"

"கங்காணி சொன்னாருங்க."

"அப்ப கேட்டனீர். போய்ப் பாத்திட்டு வாரும்."

போய்ப் பார்த்தேன். ஊற்றிலிருந்து பீலிக் குழாய் வழியாகக் கொட்டும் தண்ணீரில் குறையில்லை. கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும்தான் வயிற்றோட்டம். அந்தச் சமாசாரத்தோடு பெருமையாகத் திரும்பி வந்து நின்றேன். அவர் மெச்சவில்லை. "எந்தக் கறி?" என்று கேட்டார். மறுபடியும் போனேன்.

கூட்டங்களில் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்து தலையாட்டும் நேரம் பார்த்து, "இது பிழையாயிருந்தால் எங்களுக்கு எப்பிடித் தெரிய வரும்?" என்று கேட்பார். மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அலுவலகத்தில் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

எங்கள் பக்கத்தில் அது நடந்த பள்ளிக்கூடம் எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்குள்ளவர்கள் போதுமான அளவு பட்டுவிட்டார்கள். கீழே வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோக்கள் எல்லவுக்குப் போய்வரும் ரோடு. அதற்கு மேலே பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு மேலே பிள்ளைக்காம்பரா, தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அதற்கும் மேலே தேயிலை மலை. கொரோனா முடிந்து வகுப்புகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த காலம் அது. சாமான்கள் விலையேறி, பல பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு வருவதாக அதிபர் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோராம் வகுப்புக்கான சாதாரண தரப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் யோகேஸ்வரி என்ற பதினோராம் வகுப்புப் பிள்ளை நின்ற இடத்திலேயே விழுந்தாள். விழும்போது படியில் தாடை அடிபட்டு இரத்தம் கொட்டியது. பிள்ளைகள் அலறினார்கள். அதே நேரம் மேலே மலையில் புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ "மருந்து வாடை வருது" என்று கத்தினார்கள். அடுத்து ஒருத்தி விழுந்தாள். பிறகு இரண்டு பேர். இடைவேளைக்குள் ஒரு வகுப்பறை நிறைய மாணவிகள் படுத்திருந்தார்கள்.

நானும் டொக்டரும் ஜீப்பில் போய் இறங்கியபோது அங்கே பெரிய களேபரம். அம்புலன்ஸ் முற்றத்திலேயே நின்று அலறிக்கொண்டிருந்தது. தாய்மார் மாரடித்து அழுதார்கள். ஒரு ஆசிரியர் எல்லாருக்கும் முகக்கவசம் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து போன்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன.

டொக்டர் முதலில் அம்புலன்ஸைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார், சத்தத்தை நிறுத்தச் சொல்லி. முகக்கவசம் கொடுத்தவரிடம் போனார். "வேண்டாம் மாஸ்டர். எல்லாரும் மூக்கை மூடிக்கொண்டு நிண்டால் படுத்திருக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? காத்திலை விஷம் எண்டுதானே விளங்கும்." அழுதுகொண்டிருந்த ஆசிரியைகளைச் சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லிச் சமையலறைக்கு அனுப்பினார். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாதபடி மாணவிகளை நூலகம், விஞ்ஞான அறை, அதிபர் அறை என்று பிரித்துப் படுக்க வைத்தார். ஒவ்வொரு பாய்க்குப் பக்கத்திலும் தரையில் உட்கார்ந்தார். நாடி பார்த்தார். காலையில் சாப்பிட்டாயா, எத்தனை சகோதரம், வீட்டில் யார் சமைக்கிறது என்று கேட்டார். சிலருக்கு விரல்கள் கோணி விறைத்துப்போய் இருந்தன. அந்தக் கைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு, "மூச்சை மெல்ல விடு பிள்ளை, என்னோடை சேந்து விடு" என்றார். கொஞ்ச நேரத்தில் விரல் இளகியது. ஒரு பிள்ளைக்கும் உடனடி ஆபத்து இல்லை என்று தெரிந்தபிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

"மாணிக்கம், எல்லாரும் ஒரு கதை சொல்லுகினம். மலையிலை அடிச்ச மருந்து காத்திலை வந்தது எண்டு. அது உண்மையெண்டால் வேறை என்னென்ன நடந்திருக்க வேணும்? அதைப் போய்ப் பாரும்."

முதலில் பிள்ளைகளிடம் வாடையைப் பற்றிக் கேட்டேன். ஒருத்தி பெயிண்ட் வாடை என்றாள். ஒருத்தி கூழ்முட்டை என்றாள். இன்னொருத்தி, ஆஸ்பத்திரி வாடை. ஒரே வாடையை மூன்று பேர் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் அதே முற்றத்தில்தான் நின்றிருந்தார்கள், ஒருவனுக்கும் ஒன்றுமில்லை. ஆசிரியர்களுக்கும் ஒன்றுமில்லை. பிறகு மலைக்கு ஏறினேன்.

பாதி வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைச் சுற்றி ஆட்கள். கையில் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டிக் காம்பு. மருந்தடித்தவர்களில் அகப்பட்ட செல்வராஜை உள்ளே போட்டுப் பூட்டியிருந்தார்கள். கம்பி வழியாகப் பார்த்தேன். உதடு கிழிந்து, முதுகில் மருந்துத் தாங்கியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றக்கூட விடவில்லை.

"ஐயா, என் புள்ளயும் பிள்ளைக்காம்பராவுலதான் இருக்கு. நான் போய் விஷத்தக் காத்துல வுடுவேனா?" என்றார்.

"வாய மூடு!" என்று வெளியிலிருந்து ஒருவர் கதவை உதைத்தார். உதைத்தவரின் மகளும் கீழே பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தாள்.

அந்த இடத்தில் நின்று விஞ்ஞானம் பேசினால் எனக்கும் அடி விழும் என்று தெரிந்தது. தோட்டத் தலைவர் வேலாயுதத்தை எனக்குப் பழக்கம். கூட்டம் அவர் சொன்னால் கேட்கும். அவர் கையைப் பிடித்தேன். "தலைவர், என்கூட ஒரு இடத்துக்கு வாங்க. பார்த்துட்டு வந்து நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க."

பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிப்போனேன். மருந்தடித்த இடம் அதன் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. உள்ளே வரிசையாக ஏணைத் தொட்டில்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். மற்றவை தூங்கின. ஒன்று மட்டும் தவழ்ந்து வந்து தலைவரின் செருப்பைப் பிடித்தது.

"காலையில இருந்து இங்க ஏதாச்சும் வாடை வந்துச்சா?" என்று தலைவரே கேட்டார்.

"இல்லீங்களே. கீழ சத்தம் கேட்டுச்சு. புள்ளைங்க ஏதோ வெளையாடுதுங்கன்னு நெனச்சேன்."

வேலாயுதம் ஏணைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். வெளியே வந்து கொஞ்ச நேரம் மலையையும் பள்ளிக்கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதத் தாண்டித்தான அங்க போயிருக்கணும்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு மடுவத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். கதவை உதைத்தவர் அவரைக் கேவலமாக ஏசினார். வேலாயுதம் செல்வராஜின் முதுகிலிருந்த தாங்கியைத் தன் கையால் கழற்றி வைத்தார்.

நான் பார்த்ததையெல்லாம் டொக்டர் ஒரு காலி வகுப்பறையின் கரும்பலகையில் படமாக வரைந்துகொண்டார். மலை, பிள்ளைக்காம்பரா, முற்றம், யார் எங்கே நின்று விழுந்தார்கள் என்பது. யோகேஸ்வரி நின்ற இடத்தைச் சுற்றித்தான் மற்றப் புள்ளிகளெல்லாம் கூடியிருந்தன. அப்போது தோட்டத்து மனேஜர் உள்ளே வந்தார். நாங்கள் தொரை என்போம். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன் டொக்டர். இதுகள் நடிக்குதுகள். பரீட்சைப் பயம்."

"நீங்கள் சொன்னதும் பிழை" என்றார் டொக்டர், பலகையை விட்டுத் திரும்பாமலே.

பெற்றோரை முற்றத்தில் உட்காரவைத்துப் பேசினார். நாற்பது வருடத்தில் நான் கேட்ட பேச்சுகளில் நன்றாக ஞாபகமிருப்பது அதுதான். "உங்கடை பிள்ளையள் பொய் சொல்லேல்லை. மயக்கம் உண்மை. கை விறைச்சது உண்மை. விஷம் மட்டும் இல்லை."

மடுவத்துக் கதவை உதைத்தவர் எழுந்தார். "அப்ப எங்க புள்ளைங்க நடிக்குதுங்கன்னு சொல்றீங்களா?"

"உங்கடை கோயில்லை உடுக்கு அடிச்சு ஒரு ஆளுக்குச் சாமி வருது. பக்கத்திலை நிக்கிறவைக்கும் உடம்பு நடுங்கி வருதோ இல்லையோ?"

"வரும்."

"அவை நடிக்கினமோ?"

அவர் பதில் சொல்வதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "இல்லீங்க டாக்டரம்மா. அது தானா வரும். புடிச்சாலும் நிக்காது."

"இதுவும் தானா வந்ததுதான் அம்மா. ஒரு பிள்ளை இரத்தத்தோடை விழுந்தாள். பாத்துக்கொண்டு நிண்ட பிள்ளையளின்ரை உடம்பு பயந்துபோச்சு. காலமை சாப்பிடாத உடம்பு. பரீட்சையை நினைச்சு நித்திரை கொள்ளாத உடம்பு. வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சோறு குடுங்கோ. ஏசாதேங்கோ, சுத்தி நிண்டு அழாதேங்கோ."

பாதிப்பேர் கேட்டார்கள். பாதிப்பேர் கேட்கவில்லை. பின்னேரம் ஒரு அரசியல்வாதி வந்து, விஷம் அடித்தவர்களைச் சிறையில் தள்ளும்வரை ஓயமாட்டேன் என்று கேமராவுக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனார். இரவுக்குள் டொக்டரைக் கம்பனியின் ஆள் என்று இணையத்தில் எழுதினார்கள். மறுநாள் இன்னொரு கூட்டம், தோட்டத்துப் பிள்ளைகள் என்றாலே இப்படித்தான், பேய், சாமியாட்டம் என்று எழுதியது. டொக்டரின் பேச்சில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தங்களுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு எது அதிகம் கசந்தது என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன். முதல் கூட்டத்துக்காவது பிள்ளைகள் மேல் பரிவு இருந்தது.

பள்ளிக்கூடம் அடுத்தடுத்த நாட்களில் அடங்கியது. மயங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். ஒன்றிரண்டு பேர் மறுபடி தலை சுற்றுகிறது என்றார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். அப்போதுதான் கல்விப் பகுதியிலிருந்து உளவளத்துணை ஆலோசகர் ஒருவர் வந்தார். படித்தவர், பண்பானவர். எல்லா மாணவிகளோடும் பேசிவிட்டு அதிபர் அறையில் தன் முடிவைச் சொன்னார். டொக்டர் சொன்னது முற்றிலும் சரி. இது பார்த்துத் தொற்றியது. தொற்றின் மூலம் யோகேஸ்வரி. அவள் மற்றவர்களின் கவனத்தை வேண்டுகிற பிள்ளை. பரீட்சை முடியும்வரை அவளை வீட்டில் நிறுத்திவைத்தால் மற்றவர்கள் பிழைப்பார்கள்.

அதிபர் தலையாட்டினார். இதற்கு முன்பும் இரண்டு தடவை அவள் விழுந்திருப்பதாகச் சொன்னார். நானும் டொக்டர் ஒத்துக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன், அவருடைய சொந்த விளக்கம்தானே.

டொக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "மற்றவை அவளைப் பாத்து விழுந்தவை. அவள் ஆரைப் பாத்து விழுந்தவள்?"

அதிபர் ஆலோசகரைப் பார்த்தார்.

"அவளுக்கு முன்னாலை ஒருத்தரும் விழேல்லை. மற்றவைக்கு நாங்கள் சொன்ன காரணம் அவளுக்குப் பொருந்தாது. அவளுக்கு வேறை காரணம் வேணும்."

அன்று பின்னேரமே லயத்துக்குப் போனோம். யோகேஸ்வரி வாசலில் உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். தாடையில் பிளாஸ்டர். தாய் லெட்சுமி எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த லயத்தில் பலர் அவர்களோடு பேச்சை விட்டிருந்தார்கள். இவளால்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்தது, கோயிலில் பேயை விரட்டாமல் பீலிப் பக்கம் அனுப்பக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

"நாளைக்குப் பூசை வச்சிருக்குங்க. அது முடிஞ்சதும் ஸ்கூலு வேணாம். கொழும்புல கார்மெண்ட் பேக்டரிக்கு அனுப்பிருவேன்" என்றார் தாய்.

"அம்மா!" என்றாள் யோகேஸ்வரி. அவ்வளவுதான் சொன்னாள்.

டொக்டர் அவள் பக்கத்தில் வாசலில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஸ்கூலுக்கு ஏறேக்கை இடையிலை நிக்கிறனியோ?"

அவள் தாயைப் பார்த்தாள். "நிப்பேன் மிஸ். நெஞ்சு படபடன்னு அடிக்கும். அன்னிக்கு லேட்டாயிருச்சுன்னு நிக்காம ஓடினேன்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்கன்னு."

சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கியதா என்று டொக்டர் கேட்டார். லெட்சுமிக்கு அது ஞாபகமிருந்தது. முழங்கால் வீங்கி, நடக்க முடியாமல், தூக்கிக்கொண்டுதான் திரிந்தாராம். எண்ணெய் தேய்த்துச் சுகமாகிவிட்டது என்றார்.

டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காம்பராவுக்குள் அவளைக் கூட்டிப்போனார். நான் வாசலில் நின்றேன். பக்கத்துக் காம்பரா ரேடியோவைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா, இங்கை வாங்கோ. நீங்களே கேளுங்கோ" என்றார்.

முதலில் லெட்சுமியின் நெஞ்சிலேயே வைத்துக் கேட்கச் செய்திருக்கிறார். அடுத்து மகளின் நெஞ்சில்.

"இது என்னாங்க... பீலியில தண்ணி கொட்டுற மாதிரி இரையுது?"

"உங்கடைக்கும் அதுக்கும் வித்தியாசம் விளங்குதோ?"

லெட்சுமி அழுவது மட்டும் கேட்டது.

"பூசையை நிப்பாட்டச் சொல்லேல்லை அம்மா. பூசையைப் பின்னேரம் வையுங்கோ. காலமை என்னோடை பதுளைக்கு வாங்கோ."

மறுநாள் எங்கள் ஜீப்பிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஸ்கேன் செய்து உறுதிப்படுத்தினார்கள். சின்ன வயதுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. ஓடினாலோ வெயிலில் நின்றாலோ விழுவாள், ஒரு நாள் எழும்பாமலே போகலாம் என்றார் அங்கிருந்த வைத்தியர். கண்டிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

அவள் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கண்டியில் வால்வை விரித்தார்கள். அந்த வருடப் பரீட்சை போய்விட்டது, அடுத்த வருடம் எழுதி நன்றாகப் பாஸானாள். இப்போது பண்டாரவளையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். அந்தக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மாதாமாதம் ஊசி போடுகிறாள், இனியும் போட வேண்டும். பார்த்தால் "பீ.எச்.ஐ ஐயா" என்று கவுண்டருக்குள்ளிருந்தே கூப்பிடுவாள்.

மருந்தடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் கத்தியதில் ஒரு நன்மை நடந்தது. பள்ளிக்கூட நேரத்தில் அந்த மலையில் இப்போது மருந்தடிப்பதில்லை. பிழையான காரணத்துக்கு நடந்த சரியான காரியம் என்று நான் அதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் விஷம் விஷம் என்று அத்தனை பேர் வீதிக்கு வந்தபோது, அந்த மருந்தை முதுகில் சுமந்து, வெறுங்காலோடு, மூக்கில் ஒரு துணிகூட இல்லாமல் தினமும் அதற்குள்ளேயே நடக்கிற செல்வராஜைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டொக்டர்தான் பேசினார். தோட்ட நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிச் சப்பாத்தும் கையுறையும் வாங்கிக் கொடுத்தார். முகக்கவசம் வருவதற்குள் டொக்டருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இன்றைக்கும் அங்கே எல்லாருக்கும் அது கிடைத்தபாடில்லை.

டொக்டரை இப்போது நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பதுளையிலிருந்து திரும்பிய அந்தப் பயணம்தான். யோகேஸ்வரியையும் தாயையும் வார்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஊரே ஒரு பக்கம் நிற்க, எங்கள் டொக்டர் தனியாக மறுபக்கம் நின்று இரண்டு தடவை ஜெயித்துவிட்டார் என்று. ஹாலிஎல தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாணிக்கம், அவள் முதல் விழுந்தபடியால்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டனான். நடுவிலை விழுந்திருந்தால்?"

அவரே பதிலும் சொன்னார்.

"மற்றவையோடை சேத்து வீட்டை அனுப்பியிருப்பன். பயப்பட ஒண்டுமில்லை, சோறு குடுங்கோ எண்டு."

"ஆனா மேடம், நீங்க சொன்னது சரிதானே. விஷம் இல்லையே."

"சரிதான். சரியாச் சொல்லிப்போட்டு ஒரு பிள்ளையைச் சாக விட்டிருப்பன். அண்டைக்கு நாடி பாத்தன், மூச்சுப் பாத்தன். ஒருத்தியின்ரை நெஞ்சையும் ஒழுங்கா வைச்சுக் கேக்கேல்லை."

தெமோதரைச் சந்திக்கு வந்ததும், அலுவலகத்துக்கு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு விடுங்கள் என்று டிரைவரிடம் தன் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார்.

பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது. அதிபர் எங்களைக் கண்டு பதறினார், மறுபடி ஏதாவது வந்துவிட்டதோ என்று. அன்று மயங்கிய பிள்ளைகளையெல்லாம் நூலகத்துக்குக் கூப்பிடச் சொன்னார் டொக்டர். ஒரு ஆசிரியையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அலுமாரிக்குப் பின்னால் சேலையால் ஒரு மறைப்புக் கட்டி, ஒருத்தியையும் விடாமல் நெஞ்சில் வைத்துக் கேட்டார். நான் மறைப்புக்கு இந்தப்பக்கம், கதவோரம் நின்று அடுத்தவளை அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் நாலைந்து பேர் பயந்துகொண்டு போனார்கள். பிறகு உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருக்கோ குளிரில் கூசியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் வைத்தாராம்.

எல்லா நெஞ்சும் சுகமாகத்தான் இருந்தது.

கடைசியாகப் போன பிள்ளை சின்ன உருவம், இரட்டைப் பின்னல். அவள் மறைப்பை விட்டு வெளியே வந்தபிறகும் போகாமல் நின்றாள். டொக்டரும் பின்னாலேயே வந்தார்.

"எனக்கு ஒண்ணுமே இல்லையா மிஸ்?"

"ஒண்டுமில்லை. நல்ல நெஞ்சு."

"அப்ப நான் ஏன் மிஸ் விழுந்தேன்? வீட்டுல எல்லாரும் கேக்குறாங்க. நான் வேணும்னு விழல."

டொக்டர் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். களைத்துப் போயிருந்தார். "யோகேஸ்வரி விழேக்கை நீ எங்கை நிண்டனீ?"

"பக்கத்துல. அவ லேட்டா ஓடி வந்து வரிசையில நின்னா. கை சில்லுன்னு இருந்துச்சு. நான்தான் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"விழேக்கையும் பிடிச்சிருந்தனீயோ?"

"ஆமா மிஸ். விடவே இல்ல."

டொக்டர் அந்தப் பிள்ளையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அதாலைதான்" என்றார்.